நாகபுரி ஆலையும் ஜாம்ஷெட்ஜி டாட்டாவும்

1877-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதியன்று டில்லி மாநகரத்தில் பெரியதொரு தர்பார் கூடிற்று. ராஜப் பிரதிநிதியாகிய லிட்டன் பிரபு, யானைகளும் கொடிகளும் சிற்றரசர்களும் புடைசூழ வீற்றிருந்து, விக்டோரியா ராணியார் இந்தியாவின் சக்கரவர்த்தினியாயினார் என்று பிரகடனம் செய்தார். நமது தென்னாட்டிலோ அது தாது வருஷம். கஞ்சித் தொட்டிகளைத் தேடி ஜனங்கள் ஊர் ஊராகப் பெயர்ந்து, வழியிலேயே மடிந்துகொண்டிருந்த காலம். அந்தத் தர்பாருக்குச் செலவிட்ட பணத்தைப் பற்றி இங்கே நாம் விரித்துரைக்கப் போவதில்லை. அதே தினத்தில், டில்லிக்கு வெகு தூரத்தில், நாகபுரி நகரத்தில் ஒரு பஞ்சாலை திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர் முப்பத்தேழு வயது நிரம்பிய ஒரு பார்சி வியாபாரி. சக்கரவர்த்தினிப் பட்டத்தின் ஞாபகமாக அந்த ஆலைக்கு எம்பிரஸ் மில் என்று பெயரிட்டார்கள். அன்று டில்லியில் நடந்த ஆடம்பரத்தினும் நாகபுரியில் ஓடத் தொடங்கிய அந்த யந்திரங்களே தேச சரித்திரத்திற்கு அதிகம் பயன்பட்டன என்று நாம் கூறினால், வாசகர்கள் மறுக்கமாட்டார்கள்.

ஜாம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டாவின் பெயரை அறியாதார் இல்லை. இரும்பும் எஃகும் என்றால் அவர் பெயர். மலையருவியிலிருந்து மின்சாரம் எடுத்த முயற்சி என்றால் அவர் பெயர். பெங்களூரிலுள்ள விஞ்ஞானக் கழகம் என்றால் அவர் பெயர். ஆனால் இம்மூன்றும் அவர் கண்ணை மூடிய பிறகே கண்கூடாயின. அவர் உயிரோடிருந்த காலத்தில், தம் கையாலேயே கட்டித் தாமே நடத்தி லாபமும் கண்டு காட்டிய பெருந்தொழில் பஞ்சாலைத் தொழிலே. அந்த ஆலையில் அவர் கூலியாட்களை எப்படி நடத்தினார் என்பதைப் பற்றி நம்மவர் அதிகமாகப் பேசுவதில்லை. இக்காலத்துக் கம்பெனிகளில், ஊழியர்களுக்குத் தாங்கள் செய்யும் வேலையில் மனம் பற்றியிருக்கிறதா என்று கேள்வித்தாள் கொடுத்து விசாரிக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. அத்தகைய விசாரணைக்குப் பெயர்கூட இல்லாத ஒரு காலத்தில் ஒரு மனிதர் அந்தக் கேள்விக்குத் தம் செய்கையால் என்ன விடை கண்டார், அந்த விடை எங்கே குறைபட்டது என்பவற்றையே இன்று நாம் ஆராயப் புகுகிறோம்.

அவர் 1839-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ஆம் தேதி, கூர்ஜர நாட்டிலுள்ள நவஸாரி என்னும் ஊரில் பிறந்தார். குலம் பார்சிகளின் புரோகிதர் குலம். தந்தையார் நஸர்வான்ஜி, அந்தக் குலத்தொழிலை விட்டு வியாபாரத்தில் இறங்கிய முதல் மனிதர். பிள்ளை பம்பாய்க்கு வந்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1858-இல் படிப்பை முடித்துத் தந்தையாரின் கடையில் சேர்ந்தார். மறு வருஷமே ஹாங்காங்குக்குச் சென்று அங்கே கிளை ஒன்றை நிறுவும் வேலையில் ஈடுபட்டார். வாலிபத்திலேயே கடல் கடந்து பல ஜாதி வியாபாரிகளோடு பழகிய பழக்கம் அவருக்குப் பின்னால் பெரிதும் உதவிற்று.

அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டு அங்கிருந்து பருத்தி வருவது நின்றபொழுது, பம்பாய்ப் பருத்தி பொன்விலைக்கு விற்றது. பணம் பெருகவே, கம்பெனிகளும் பாங்குகளும் காளான்கள்போல் முளைத்தன. டாட்டா குடும்பத்தாரும் அந்த அலையில் அகப்பட்டார்கள். லண்டனில் ஒரு பாங்கைத் தொடங்கலாமென்று ஜாம்ஷெட்ஜி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1865-இல் யுத்தம் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பம்பாயில் ஆயிரக்கணக்கானோர் ஓட்டாண்டிகளாயினர். லண்டனில் ஜாம்ஷெட்ஜியின் கையிலிருந்த உண்டியல்கள் வெறுங் காகிதங்களாயின. அவர் ஓடி ஒளியவில்லை. கடன்காரர்களை நேரில் கண்டு உள்ளதை உள்ளபடி கூறினார். அவர்கள் அவரிடத்தில் நம்பிக்கை கொண்டு, கணக்கைத் தீர்க்கும் வேலையை அவரிடமே ஒப்புவித்து, அதற்கு மாதம் இருபது பவுன் சம்பளமும் கொடுத்தார்கள் என்று அவருடைய சரித்திரம் கூறும். எதையும் மறைக்காதவனிடத்தில் பிறர் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை இருபத்தாறாவது வயதில் கண்டறிந்தவர் அவர். நாகபுரியில் அவர் கையாண்ட முறைக்கு வித்து இங்கேயே விழுந்தது என்பது நமது ஊகம்.

பிறகு அபிஸீனியா யுத்தத்தின்போது சேனைக்குச் சாமான்கள் சேகரித்துக் கொடுக்கும் காண்டிராக்டில் குடும்பம் தலைதூக்கிற்று. 1868-இல் 21,000 ரூபாய் முதலோடு அவர் தமக்கெனத் தனி வியாபாரம் தொடங்கினார். அடுத்த வருஷம் சிஞ்ச்போக்லியில் நொடித்துக் கிடந்த எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி, அதைப் பஞ்சாலையாக மாற்றி, அலெக்ஸாந்திரா மில் என்று பெயரிட்டு, சுமார் இரண்டு வருஷங்களில் லாபத்துக்கு விற்றுவிட்டார். அதோடு நில்லாமல் லங்காஷயருக்குச் சென்று, அங்கே நூல் நூற்கும் முறையையும் நெய்யும் முறையையும் நேரில் கண்டு ஆராய்ந்தார்.

அக்காலத்தில் பஞ்சாலை என்றால் பம்பாய் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஜாம்ஷெட்ஜியின் யோசனை வேறு. பருத்தி விளையும் இடத்துக்கு அருகில், நிலக்கரி கிடைக்கும் இடத்துக்கு அருகில், துணி விற்கும் சந்தைக்கும் அருகில் ஆலை இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். நாகபுரியைச் சூழ்ந்து பருத்தி விளைந்தது. வரோராவில் கரி கிடைத்தது. ரெயில் பாதையும் வந்துவிட்டது. 1874-இல் பதினைந்து லக்ஷ ரூபாய் மூலதனத்தோடு கம்பெனி பதிவு செய்யப்பட்டது. அவர் வாங்கிய நிலமோ ஜும்மா தலாவ் என்னும் ஏரிக்கருகில் கிடந்த சதுப்பு நிலம். அதை மண் கொட்டித் தூர்த்து மேடாக்க வேண்டியிருந்தது. பொன்னைக் கொண்டு பள்ளத்தை நிரப்புகிறாரே இவர் என்று ஊர்ச் சாகுகாரர் ஒருவர் நகைத்துக் கடன் கொடுக்க மறுத்துவிட்டார் என்றும், சில வருஷங்களுக்குப் பின், இவர் போட்டது மண், எடுத்தது பொன் என்று அவரே ஒப்புக்கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் ஜாம்ஷெட்ஜி காட்டிய துணிவு பலருக்கு விந்தையாயிருந்தது. ஆலையின் மானேஜராக அவர் நியமித்த பெஜோன்ஜி தாதாபாய் மேத்தா ரெயில்வேயில் சரக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். நூலைப்பற்றியோ நெசவைப்பற்றியோ ஒன்றும் அறியாதவர். ஆனால் கண்டிப்பும் நேர்மையும் உடையவர். மனிதரை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர். யந்திர நுட்பம் அறிந்த புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலேயரை அவருக்குத் துணையாக வைத்தார். தொழில் நுட்பத்தைக் கற்றுக்கொள்ளலாம், குணத்தைக் கற்பிக்க முடியாது என்பது முதலாளியின் எண்ணம் போலும். ஒருமுறை பொறுப்பைக் கொடுத்த பின் அன்றாட நிர்வாகத்தில் அவர் தலையிடுவதில்லை. இதைச் சொல்வது எளிது. சொந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்போது செய்வது அரிது.

தொடக்கம் நன்றாக இல்லை. சிக்கனம் கருதி வாங்கிய யந்திரங்கள் தரத்தில் தாழ்ந்தவை. நூலும் நன்றாக வரவில்லை. ஷேர்களின் விலை இறங்கிற்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆலை திறந்த அந்த 1877-ஆம் வருஷத்திலேயே நெசவாளர்கள் கூலி விகிதத்தைப் பற்றிய தகராறில் வேலையை நிறுத்தினார்கள். இந்திய ஆலைத் தொழிலாளர் சரித்திரத்தில் ஏடேறிய முதல் வேலைநிறுத்தங்களுள் ஒன்று அது. சென்னையில் தொழிலாளர் சங்கம் தோன்றியது 1918-இல். அதற்கு நாற்பத்தொரு வருஷங்கள் முன்னே, சங்கமும் தலைவரும் பத்திரிகை ஆதரவும் இல்லாத நெசவாளர்கள் தாங்களாகவே கூடி, இந்தக் கூலிக்கு இயலாது என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். டாட்டாவின் புகழைப் பாடும் நூல்கள் இந்தச் சம்பவத்தை விரைந்து கடந்து போய்விடுகின்றன. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. அவர் பின்னால் செய்தவற்றின் பெருமையை உணர வேண்டுமாயின், அவை எத்தகைய நிலையிலிருந்து எழுந்தன என்பதை மறைக்கலாகாது.

நாகபுரித் தொழிலாளியின் நிலையையும் சற்றுக் கவனிக்க வேண்டும். அந்நாட்டில் கோஷ்டி முதலிய வகுப்பார் வழி வழியாகத் தறி நெய்தவர்கள். தன் வீட்டுத் தாழ்வாரத்தில், தன் மனைவி மக்கள் நூலிழைத்துக் கொடுக்க, வேண்டும்போது நெய்து வேண்டாதபோது எழுந்து போகும் சுதந்திரம் உடையவன் கைத்தறியாளன். லங்காஷயர்த் துணி அவன் பிழைப்பைப் பாழாக்கிற்று. வயலிலிருந்து வந்தவனோ, விதைப்புக்கும் அறுப்புக்கும் சொந்த ஊர் போய்த் தீரவேண்டியவன். இவர்களைத் திடீரென்று ஊதுகுழல் சப்தத்துக்கு எழுந்து, ஊதுகுழல் சப்தத்துக்கு உண்டு, யந்திரத்தின் வேகத்துக்குக் கையை அசைக்கச் சொன்னால் மனம் எப்படிப் பொருந்தும்? திருவிழா வந்தால் போய்விடுவார்கள். உறவில் ஒரு கல்யாணம் என்றால் போய்விடுவார்கள். கையில் நான்கு காசு சேர்ந்தால் அது தீரும்வரை வரமாட்டார்கள். சாதாரண நாளிலேயே நூற்றுக்கு இருபது பேர் வேலைக்கு வருவதில்லை என்று ஜாம்ஷெட்ஜியின் சரித்திரத்தை எழுதியோர் கூறுகிறார்கள். ஐந்தில் ஒரு யந்திரத்துக்கு ஆளில்லாவிட்டால் அந்த ஆலை எப்படி விளங்கும்?

இந்த நோய்க்கு அக்காலத்து முதலாளிகள் எல்லோரும் அறிந்த மருந்து ஒன்றுதான்: அபராதம். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடி. தாமதித்து வந்தால் அரை நாளைப் பிடி. துணியில் பழுதிருந்தால் அந்தத் துணியையே கூலியாகக் கொடு. இதைச் செலுத்தும் அதிகாரம் மேஸ்திரியின் கையில். மேஸ்திரிக்கு மாமூல் கொடுத்தவன் தப்புவான், கொடாதவன் அகப்படுவான். அந்நிய துரைகளின் ஆலைகளில் மாத்திரமல்ல, நம்மவர் ஆலைகளிலும் இதுவே நடந்தது. இந்த மருந்தினால் நோய் தீர்ந்ததா என்றால், இல்லை. அபராதத்துக்கு அஞ்சியவன் உடலைக் கொண்டுவந்து யந்திரத்தின் முன் நிறுத்துவான். அவன் கண் நூலின்மேல் இராது. நூல் அறுந்து ஓடினாலும் அவனுக்கென்ன?

ஜாம்ஷெட்ஜியும் பெஜோன்ஜியும் வேறு வழியை நாடினார்கள். வராதவனைத் தண்டிப்பதைக் காட்டிலும், வருகிறவனுக்கு வருவதில் ஒரு பற்று உண்டாக்குவதே தக்கது என்று தீர்மானித்தார்கள். ஒழுங்காக வேலைக்கு வந்தவர்களுக்கும் திறமை காட்டியவர்களுக்கும் வருஷந்தோறும் விழாக் கூட்டிப் பரிசுகள் வழங்கினார்கள். ரொக்கமும், கடிகாரமும், தங்கச் சங்கிலியும்கூடப் பரிசுகளாயிருந்தன. விளையாட்டுப் பந்தயங்கள் நடந்தன. தொழிலாளர் தங்கள் குடும்பத்தோடு வந்து கண்டு களிப்பார்கள். முதலாளி கையால் சபையறியப் பரிசு பெற்றவன் தன் தெருவில் எப்படி நடந்து போயிருப்பான் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். இது வெறும் கேளிக்கை என்று சிலர் கூறக்கூடும். இதனோடு நின்றிருந்தால் நாமும் அவ்வாறே கூறியிருப்போம்.

இதனோடு நிற்கவில்லை. 1886-இல் அந்த ஆலையில் உபகாரச் சம்பள நிதி ஏற்படுத்தப்பட்டது. முதுமையில் கை தளர்ந்த பின் தெருவிலே நிற்க வேண்டியதில்லை என்ற உறுதி, சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு மாத்திரம் உரியதென்று கருதப்பட்ட காலம் அது. 1895-இல், யந்திரத்தில் அகப்பட்டு விபத்துக்குள்ளானவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 1901-இல் சேமநிதியும் தோன்றிற்று. இந்தத் தேதிகளைச் சட்டங்களின் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இவற்றின் அருமை புலனாகும். தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது 1923-இல். சேமநிதிச் சட்டம் 1952-இல். அதாவது நாடு சுதந்திரமடைந்து ஐந்து வருஷங்களுக்குப் பின். சட்டசபைகள் அரை நூற்றாண்டு சிந்தித்துக் கண்டதை ஒரு பஞ்சாலை தன்னிச்சையாகவே செய்து வைத்தது.

ஆலையின் கட்டிடத்தையும் சொல்லவேண்டும். நாகபுரியின் கோடை வெயிலை அனுபவித்தவர்களே அறிவார்கள். அந்த வறண்ட காற்றில் பருத்தி நூல் முறுக்கேறும்போதே அறுந்துபோகும். அறுந்த இழையை முடியும் வேலையிலேயே ஆளின் பொழுதெல்லாம் போகும். காற்றில் ஈரம் சேர்க்கும் கருவிகளையும், புழுதியும் புழுக்கமும் வெளியேறும்படி காற்றோட்ட வசதிகளையும், தீ பற்றினால் தானே நீர் பொழியும் அமைப்பையும் அவர் ஆலையில் வைத்தார். இந்தியாவில் மற்ற ஆலைகள் இவற்றை நினையாத காலம் அது. இதில் வேடிக்கை யாதெனில், நூலுக்கு எது நன்மையோ அதுவே நூற்பவனுக்கும் நன்மையாக முடிந்தது. ஈரக்காற்றில் இழை அறுவது குறைந்தது. பஞ்சுத் தூசி அடங்கியதால் நெஞ்செரிவும் குறைந்தது. இரண்டில் எதைக் கருதி அவர் செய்தார் என்று பிரித்துக் கேட்பது வீண். பிரிக்க முடியாதபடி இரண்டையும் பிணைத்ததே அவருடைய சாமர்த்தியம்.

இதைத் தர்மம் என்று கூறினால் அவரே ஒப்பமாட்டார். 1895-இல் ஆலையின் விஸ்தரிப்புக் கட்டிடம் திறந்தபோது அவர் பேசிய பேச்சின் சாரம் இதுவே: தாங்கள் மற்றவர்களைவிடத் தயாள குணம் மிகுந்தவர்கள் என்று பாராட்டிக்கொள்ளவில்லை, நேரான வியாபார முறையில் தொழில் நடத்துவதும், பங்குதாரரின் நலத்தைத் தம் நலமாகக் கொள்வதும், தொழிலாளரின் உடல்நலத்தையும் க்ஷேமத்தையும் பேணுவதுமே தங்கள் செழிப்புக்கு உறுதியான அஸ்திவாரம். தர்மவான் என்ற பட்டத்துக்கு ஆசைப்படும் முதலாளிகள் பலரைக் கண்டிருக்கிறோம். அந்தப் பட்டத்தை வேண்டாமென்று ஒதுக்கிய முதலாளி அபூர்வம். தர்மம் என்றால் முதலாளியின் மனம் மாறும்போது அதுவும் மாறிவிடும். கணக்கு என்றால் வரவு உள்ளவரை நிற்கும்.

கணக்கும் பொய்க்கவில்லை. தரம் தாழ்ந்த யந்திரங்கள் நீக்கப்பட்டு நல்லவை வந்தன. 1883-இல் ரிங் கதிர் என்னும் புதிய நூற்பு முறை பரிசோதிக்கப்பட்டது. லங்காஷயரே அதைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. இங்கிலாந்தின் பெயர்பெற்ற யந்திரக் கம்பெனி ஒன்று அதைச் செய்து தரத் தயங்கிற்று. ஜாம்ஷெட்ஜி வேறு கம்பெனியை நாடினார். புதிய யந்திரம் புகும்போது ஆலையாட்களுக்குப் பிழைப்பு போய்விடுமோ என்ற அச்சம் எங்கும் உண்டாவதே. பெயர் தெரியாத முதலாளியைவிட, முதுமைக்கும் விபத்துக்கும் நிதி ஏற்படுத்துகிற முதலாளியின் புதுமைக்கு அவர்கள் கை கொடுப்பது இயல்பு. கல்லூரியில் தேறிய வாலிபர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு, யந்திரத்தின் முன் நிறுத்தி, பிற்பாடு பெரிய உத்தியோகங்களில் அமர்த்தும் முறையும் அங்கே உண்டாயிற்று. பட்டம் பெற்றவன் எண்ணெய்க் கறையைத் தொடலாகாது என்று எண்ணிய நாட்டில் இதுவும் ஒரு புரட்சியே.

1886-இல் அவர் பம்பாய்க்கருகில் குர்லாவில் தரம்ஸி மில் என்னும் ஆலையைப் பன்னிரண்டரை லக்ஷத்துக்கு வாங்கினார். காங்கிரஸ் மகாசபை பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆலைக்கு அவர் சூட்டிய பெயர் சுதேசி மில். அலெக்ஸாந்திரா, எம்பிரஸ், சுதேசி என்று இந்த மூன்று பெயர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், பதினேழு வருஷங்களில் ஒரு மனிதர் உள்ளம் மாத்திரமன்றி ஒரு தேசத்தின் உள்ளமும் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது விளங்கும். ஏஜெண்டுகள் விளைந்த நூலின் எடைக்குத் தக்கபடி கமிஷன் எடுத்துக்கொள்வது பம்பாய் வழக்கம். ஆலைக்கு நஷ்டமானாலும் ஏஜெண்டுக்கு லாபம். சுதேசி மில்லில் அவர் அதை விடுத்து, லாபம் வந்தாலன்றித் தமக்குக் கமிஷன் இல்லை என்று வைத்துக்கொண்டார். தாம் கூலியாட்களிடம் எதிர்பார்த்த பற்றைத் தமக்கும் விதித்துக்கொண்டார் என்பதே இதன் பொருள்.

ஆயினும் அந்த ஆலை அவரை வெகுவாக வருத்திற்று. பழுதான யந்திரங்கள், பழுதான நூல், சரிந்த ஷேர்கள். தம்முடைய எம்பிரஸ் ஷேர்களில் ஒரு பகுதியை விற்றுத்தான் அதற்கு உயிர் கொடுத்தார். நாகபுரியில் பல வருஷங்களாகப் பழகித் தேர்ந்தவர்களைக் கொண்டுவந்து நிர்வாகத்தில் அமர்த்திய பின்னரே அது தேறிற்று. கட்டிடத்தை விலைக்கு வாங்கலாம். ஒரு கூட்டத்தார் ஒருவரையொருவர் அறிந்து வேலை செய்யும் வழக்கத்தை விலைக்கு வாங்க இயலாது. அது நாகபுரியில் பத்து வருஷங்களில் வளர்ந்த பயிர்.

இனி, குறைகளையும் கூறுவோம். எம்பிரஸ் மில்லிலும் பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வேலை. அக்காலத்து ஆலைகள் யாவும் அப்படியே. பெண்களும் சிறுவர்களும் வேலை செய்தார்கள். 1881-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக் குழந்தையை ஆலைக்குள் அனுமதித்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. அந்த அற்பமான சட்டத்தையும், 1891-இல் வந்த திருத்தத்தையும் இந்திய ஆலை முதலாளிகள் எதிர்த்தார்கள். லங்காஷயரின் சூழ்ச்சி என்றார்கள். சூழ்ச்சியும் அதில் இருந்தது மெய்யே. ஆனால் தேசாபிமானப் பத்திரிகைகளும் பல அந்தக் கூக்குரலில் சேர்ந்துகொண்டு, ஆலைக்குள்ளிருந்த குழந்தையை மறந்துவிட்டன. முதலாளி நம்மவராயிருப்பதனாலேயே அவர் வைத்தது சட்டமாகிவிடாது.

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. உபகாரச் சம்பளம், பரிசு, நஷ்ட ஈடு எல்லாம் மேலிருந்து வந்தவை. கூலி எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று தீர்மானிக்கும் இடத்தில் தொழிலாளிக்கு ஆசனம் இல்லை. 1877-இல் நெசவாளர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டது பரிசன்று. தங்கள் சொல்லும் செவியேற வேண்டும் என்பதே. அதற்கு ஜாம்ஷெட்ஜியின் ஏற்பாடுகளில் விடை இல்லை. தாம் காணாத மனிதரையும் நினைத்துப் பார்க்கும் உள்ளம் அவருக்கு இருந்தது. அம்மனிதர் எதிரே அமர்ந்து பேரம் பேசுவார் என்ற எண்ணம் அக்காலத்தில் யாருக்கும் எழவில்லை.

அந்த உள்ளத்தின் விசாலத்துக்கு 1902-இல் தம் குமாரர் தோராப்ஜிக்கு எழுதிய கடிதம் சாட்சி. இரும்பு ஆலைக்கு இடமே அப்போது கிடைத்தபாடில்லை. ஆயினும் அங்கே உண்டாகப்போகும் தொழிலாளர் பட்டணத்தைப் பற்றி அவர் விவரமாக எழுதினார்: வீதிகள் அகலமாயிருக்க வேண்டும், விரைவில் வளரும் நிழல் மரங்களை நடவேண்டும், புல்வெளிகளுக்கும் தோட்டங்களுக்கும் பந்தாட்ட மைதானங்களுக்கும் தாராளமாக இடம் விடவேண்டும், ஹிந்துக் கோயிலுக்கும் மசூதிக்கும் மாதாகோயிலுக்கும் நிலம் ஒதுக்கவேண்டும். யந்திரத்துக்கு முன் மரத்தை நினைத்த முதலாளி அவர்.

1904-ஆம் வருஷம் மே மாதம் 19-ஆம் தேதி, ஜெர்மனியிலுள்ள நௌஹைம் என்னும் ஊரில், சிகிச்சைக்காகச் சென்றிருந்த இடத்தில் அவர் காலமானார். மனைவியார் ஹீராபாய் இரண்டு மாதங்களுக்கு முன்னரே மறைந்தார். 1907-இல் இரும்புக் கம்பெனிக்கு மூலதனம் கேட்டபோது, லண்டன் பணச்சந்தை கைவிரித்தது. சுதேசி உணர்ச்சி பொங்கிய நம் நாட்டில் சுமார் எண்ணாயிரம் பேர் மூன்றே வாரங்களில் முழுத் தொகையையும் கொடுத்தார்கள். 1912-இல் எஃகு வார்க்கத் தொடங்கிய அவ்வருஷமே அங்கே எட்டு மணி நேர வேலை ஏற்படுத்தப்பட்டது. தேசமெங்கும் அது சட்டமாவதற்கு முப்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. 1915-இல் இலவச வைத்தியமும், 1920-இல் சம்பளத்தோடு விடுமுறையும், 1928-இல் பிரசவ கால உதவியும் வந்தன. ஸாக்சி என்ற சிற்றூர் 1919-இல் ஜாம்ஷெட்பூர் என்று பெயர் பெற்றது.

இத்தனை இருந்தும் அந்தப் பட்டணத்தில் 1920-இல் பெரிய வேலைநிறுத்தம் மூண்டது. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்களும் போயின. 1922-இலும் 1928-இலும் மறுபடி வேலை நின்றது. கடைசியில் கூறியதில் சுபாஷ் சந்திர போஸ் தொழிலாளர் பக்கம் நின்று உடன்பாடு செய்துவைத்தார். நிழல் மரங்களும் வைத்தியசாலையும் உள்ள ஊரில் ஏன் இது நேர்ந்தது என்று வியந்தவர்கள் உண்டு. யுத்தத்துக்குப் பின் விலைவாசி ஏறியது ஒரு காரணம். சங்கத்தைக் கம்பெனி ஒப்புக்கொள்ளாதது மற்றொரு காரணம். 1925-இல் காந்தியடிகள் ஜாம்ஷெட்பூருக்குச் சென்றார். சங்கத்தின் தலைவராயிருந்தவர் தீனபந்து ஆண்ட்ரூஸ். அடிகள் கம்பெனியாரோடு பேசினார். சங்கத்தை அங்கீகரிக்கவும், சங்கச் சந்தாவைச் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்கவும் அவர்கள் இசைந்தார்கள். நாகபுரியில் கேட்கப்பட்ட கேள்விக்கு விடையின் முதல் எழுத்து எழுதப்பட நாற்பத்தெட்டு வருஷங்கள் சென்றன. ஜாம்ஷெட்ஜி உயிரோடிருந்தால் இசைந்திருப்பாரா என்பதை யார் அறிவார்? கடன்காரர்களின் எதிரே அமர்ந்து கணக்கைத் திறந்து காட்டியவர், கூலிக்காரர்களின் எதிரேயும் அமர்ந்திருப்பார் என்று எண்ணவே நமக்கு ஆசை.

அந்த எம்பிரஸ் மில் இன்று இல்லை. நூறு வருஷங்களுக்கு மேல் ஓடி, நலிவடைந்து, சர்க்கார் கைக்கு மாறி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. சதுப்பைத் தூர்த்து மேடாக்கிய அந்த நிலத்தில், ஆலையின் பெயரையே தாங்கிய பெரிய அங்காடி மாளிகை ஒன்று எழுந்திருக்கிறது.